ஐம்பத்து நாலில் என்ன நடந்தது?

சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு நான் கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் முன்பு படித்த வாலிபன் ஒருவன் கையில் இரண்டு தடித்த புத்தகங்களுடன் ஓடி வந்தான். அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். சென்ற தடவை ஒன்றரை மார்க்கில் வேலை கை நழுவிப் போயிற்று.

"ஸார், புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எது? இந்தப் புத்தகத்தில் 1954 என்று இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் 1962 என்று இருக்கிறது" என்றான்.

"இரண்டும் சரிதான், அப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் பரிதாபமும் சம பாகமாகக் கலந்திருந்தன. "பரீட்சையில் இரண்டு கட்டத்தையும் கறுப்பாக்க முடியாதே, ஸார்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னது நியாயம். வாத்தியார்களுக்கு "இரண்டும் சரி" என்று சொல்வது சுலபம், சம்பளத்துக்குக் குறைவில்லை. அவனுக்கோ அந்த ஒரு கட்டம் ஒரு குடும்பத்தின் அரிசி. அன்று இரவு எனக்கு இன்னொரு விஷயமும் தோன்றிற்று. நாங்கள் நின்று பேசிய அந்தச் சாலை நேரே புதுச்சேரிக்குப் போகிற சாலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் நடந்த ஒரு சரித்திர சம்பவத்தின் தேதியைத் தெரிந்துகொள்ள, எங்கோ அச்சடித்த இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு அந்தப் பையன் திண்டாடுகிறான்!

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் மான் தீவு என்று ஒரு சிறு தீவு உண்டு. அங்கே கிங் வில்லியம்ஸ் கல்லூரி என்ற பள்ளியில் 1905-ம் வருஷம் முதல் ஒரு விசித்திரமான பொது அறிவுப் பரீட்சை நடந்து வருகிறது. பதினெட்டுப் பிரிவுகள், பிரிவுக்குப் பத்துக் கேள்வி. முதல் பத்துக் கேள்விகளும் சரியாக நூறு வருஷத்துக்கு முந்திய ஆண்டின் செய்திகளைப் பற்றியவை. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தவர் யார், போனவர் யார், எது மூழ்கிற்று, எது பறந்தது என்றெல்லாம் கேட்பார்கள். முன்பெல்லாம், கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குமுன் மாணவர்கள் அதை ஒரு தயாரிப்பும் இல்லாமல் எழுதுவார்கள். அநேகமாக எல்லோருக்கும் மார்க் மிகச் சொற்பம். பிறகு கேள்வித்தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், விடுமுறை முழுவதும் தேடி, கேட்டு, விசாரித்து, திரும்பி வந்து மறுபடி எழுதுவார்கள். 1951 முதல் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை அந்தக் கேள்விகளை வெளியிட்டு வருகிறது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பரீட்சைதான். நூறு வருஷம் நமக்கு வேண்டாம். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். 1954 என்றால் கிளியனூரில் இன்னும் நாலைந்து பேர் மிச்சம் இருக்கிறார்கள். ஆகவே, அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாளன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரையும் உட்கார வைத்து, "பேனாவை மூடாதீர்கள். இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது" என்றேன். வகுப்பில் எழுந்த முனகல் அகத்தீசுவரர் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

நேயர்களும் விரும்பினால் மனத்துக்குள் எழுதிப் பார்க்கலாம். 1954-ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரிப் பதவியிலிருந்து விலகியவர் யார்? அந்த இடத்துக்கு வந்தவர் யார்? பாரத ரத்னம் என்ற விருது அவ்வருஷம் முதன் முதலாக எந்த மூவருக்குக் கிடைத்தது? பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப் படம் எது? ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் எது? ஒரு மைல் தூரத்தை நாலு நிமிஷத்துக்குள் ஓடிய முதல் மனிதர் யார்? அவ்வருஷம் டிசம்பர் 5-ம் தேதி காலமான தமிழ் எழுத்தாளர் யார்? அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் நடந்தது என்ன? கடைசிக் கேள்வி: நவம்பர் 1-ம் தேதி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள்?

விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அடைந்த ஆச்சரியம் கொஞ்சமல்ல. சினிமாக் கேள்விகளுக்குத்தான் அமோக விளைச்சல்! வெள்ளிப் பதக்கம் வாங்கியது "மலைக்கள்ளன்" என்பதும், அதில் நடித்தவர் எம்.ஜி.ஆர். என்பதும் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய படங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதன் புண்ணியம். அது நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல் என்பதோ, வசனம் எழுதியவர் மு. கருணாநிதி என்பதோ ஒருவருக்கும் தெரியாது. "அந்த நாள்" பாட்டில்லாத படம் என்பதை ஆறு பேர் எழுதினார்கள். அதை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணையில் அவ்வளவு பேர் வாங்கிய மனிதர், ஒரு பாட்டுக்கூட வைக்காமல் படம் எடுத்தார் என்றால் வேடிக்கைதானே? "மனோகரா", "தூக்குத் தூக்கி", தீபாவளிக்கு வந்த "ரத்தக் கண்ணீர்" எல்லாம் அந்த ஒரே வருஷத்துச் சரக்குகள். எம்.ஆர். ராதாவைப் போலப் பேசிக் காட்டக்கூடிய பையன்கள் என் வகுப்பில் மூவர் இருக்கிறார்கள்.

காமராஜ் பெயரை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவருக்கு முன்னால் யார் என்பதில்தான் குழப்பம். ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டசபைக் கட்சியில் தேர்தல் நடந்தது. காமராஜுக்கு 93 வோட்டும் சி. சுப்பிரமணியத்துக்கு 41 வோட்டும் கிடைத்தன. ஏப்ரல் 13-ல் காமராஜ் பதவி ஏற்றார். "அந்த நாள்" படம் வெளியானதும் அதே தேதிதான். தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையே மந்திரிசபையில் சேர்த்துக் கல்வி இலாகாவைக் கொடுத்தார். கிராமப் பள்ளிகளில் பாதி நாள் பாடம், மீதி நாள் தகப்பன் தொழில் என்று 1953-ல் வந்து, "குலக்கல்வி" என்று பெரும் எதிர்ப்புக்கு ஆளான திட்டம், அடுத்த மாதம் மே 18-ம் தேதி அந்தச் சுப்பிரமணியத்தின் வாயாலேயே கைவிடப்பட்டது. இதைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "பாதி நாள் பள்ளிக்கூடமா, ஸார்?" என்று ஆசையாகக் கேட்டான். "மீதி நாள் உன் அப்பாவோடு சவுக்குத் தோப்பில்" என்றதும் உட்கார்ந்துவிட்டான்.

பாரத ரத்னம் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ஸர் சி.வி. ராமன். மூவருமே இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவர்கள். தொரப்பள்ளி, திருத்தணி, திருவானைக்காவல் என்று மூன்று ஊர்களையும் படத்தில் காட்டினேன். ராஜாஜி பதவியை விட்டதும் பட்டத்தைப் பெற்றதும் ஒரே வருஷத்தில் என்பதை ஒரு பெண் சட்டென்று கவனித்துச் சொன்னாள்.

எழுத்தாளர் கேள்வி என்னைக் கொஞ்சம் வருத்திவிட்டது. "பொன்னியின் செல்வன்" முடிந்த வருஷம் 1954. அதை எழுதிய கல்கி மறைந்ததும் அதே வருஷம் டிசம்பரில். குறிப்பு கொடுத்தால் கண்டுபிடிப்பார்கள் என்று நாவலின் பெயரைச் சொன்னேன். ஏழு பேர் மணிரத்னம் என்று எழுதியிருந்தார்கள்! பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? 2022-லும் 2023-லும் கொட்டகையில் பார்த்ததைத்தானே அவர்கள் எழுதுவார்கள்? ஆனாலும் மணிரத்னத்தை 1954-ல் காலமாக்கியதை மன்னிக்க முடியவில்லை.

ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர். மே 6-ம் தேதி ஆக்ஸ்போர்டில் 3 நிமிஷம் 59.4 வினாடியில் ஒரு மைலை ஓடினார். இதற்கு இரண்டே பேர் சரியான விடை எழுதினார்கள். அந்தச் சாதனை எத்தனை நாள் நிலைத்தது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. ஜூன் 21-ம் தேதியே ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதை முறியடித்துவிட்டார். அவர்தான் அதிக வேகம். ஆனால் பரீட்சைக் கேள்விகளில் அவர் பெயர் வருவதில்லை.

இனி, நான் இந்தப் பரீட்சையையே எதற்காக வைத்தேனோ அந்தக் கேள்விக்கு வருகிறேன். கீழூரில் நடந்தது என்ன? முப்பத்தெட்டுத் தாளில் முப்பத்தேழில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒருவன் மட்டும் "கோயில் திருவிழா" என்று எழுதியிருந்தான்.

கீழூர் வில்லியனூருக்கு அப்பால், புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் ஒரு சிறு கிராமம். இந்தியா 1947-ல் சுதந்திரம் அடைந்த பிறகும் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் நான்கும் பிரெஞ்சுக்காரர்களின் கையிலேயே இருந்தன. நம் தென்னாற்காடு ஜில்லாவின் வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பிரெஞ்சு ராஜ்யம். ஒரு கிராமம் இந்தியா, அடுத்த கிராமம் பிரான்ஸ். 1954 மார்ச்சில் புதுச்சேரி நகரசபையும் சுற்று வட்டாரக் கொம்யூன்களும் இந்தியாவுடன் சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டன. அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற எதுவார் குபேர் கட்சி மாறி, அம்மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹியும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போயின. கடைசியில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை அங்கத்தினர்களும் நகரசபை அங்கத்தினர்களும் கூடி வோட்டுப் போட்டு முடிவு செய்வது என்று இரு சர்க்கார்களும் ஒப்புக்கொண்டன.

அக்டோபர் 18, திங்கட்கிழமை. 178 பேர் கீழூரில் கூடி வோட்டளித்தார்கள். சேரலாம் என்று 170. வேண்டாம் என்று 8. மூன்றாம் நாள் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த திங்கட்கிழமை தீபாவளி. அதற்கடுத்த திங்கட்கிழமை, நவம்பர் 1-ம் தேதி, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. மூன்று திங்கட்கிழமைகளில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கணக்குத் தீர்ந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. அதே 1954 மே மாதத்தில் வியட்நாமில் தியன் பியன் பூக் கோட்டையில் பிரெஞ்சுக்காரர்கள் எவ்வளவு உயிர்களைப் பலி கொடுத்துத் தோற்றார்கள் என்பதை நினைத்தால், கீழூரின் அருமை விளங்கும்.

ஆனால் காகிதத்தில் கணக்குத் தீரவில்லை. உரிமையை முழுவதும் விட்டுக் கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28-ல்தான் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பார்லிமெண்டு அதை அங்கீகரித்து, உடன்படிக்கை அமுலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. நடுவில் எட்டு வருஷம் புதுச்சேரி நடைமுறையில் இந்தியா, சட்டத்தில் பிரான்ஸ். நம் வாலிபனின் இரண்டு புத்தகங்களும் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர்தான் அரைக் கேள்வி கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் இன்று நவம்பர் 1 விடுதலை நாளாகவும், ஆகஸ்ட் 16 சட்டப்படி சேர்ந்த நாளாகவும் கொண்டாடப்படுகின்றன. இரண்டு நாளும் அங்கே விடுமுறை என்று கேட்டவுடன் என் மாணவர்களுக்குச் சரித்திரத்தில் திடீரென்று பற்றுதல் உண்டாகிவிட்டது.

விடுமுறைக்குப் போகும்போது ஒரு நிபந்தனை விதித்திருந்தேன். முதல் எட்டுக் கேள்விக்கும் கைபேசியில் தேடலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் மனிதர்களிடம் கேட்க வேண்டும். ஜனவரியில் திரும்பி வந்து எழுதிய தாள்களில் முதல் எட்டு விடையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன. எல்லோருக்கும் முழு மார்க். அவற்றைத் திருத்துவதில் ஒரு சுகமும் இல்லை.

கடைசி விடைகள் அப்படியல்ல. பெரும்பாலோர் வீட்டில் அந்த வயதுக்காரர் யாரும் இல்லை. "கேட்க ஆள் இல்லை" என்று ஒரு வரியோடு முடித்திருந்தார்கள். சிலர் அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டு வந்திருந்தார்கள். தொண்ணூறை நெருங்கும் ஒரு தாத்தா, அந்த நாளில் நம் பக்கம் மதுவிலக்கு இருந்தபடியால் கோரிமேட்டைத் தாண்டினால்தான் தாகம் தீரும் என்றும், புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தால் அந்தக் கதவும் அடைபட்டுப் போகுமோ என்று தமக்கு மூத்தவர்கள் மிகவும் கவலைப்பட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். தேசியச் செய்தி ஒரு கிராமத்தை எட்டும்போது என்னென்ன உருவம் எடுக்கிறது பாருங்கள்! பேரன் அதை அப்படியே எழுதி, கீழே "கவலை வீணாயிற்று" என்று தன் அபிப்பிராயத்தையும் சேர்த்திருந்தான்.

ஒரு பெண்ணின் விடை இரண்டு பக்கம். அவளுடைய கொள்ளுப்பாட்டிக்கு இப்போது எண்பத்து நாலு வயது. அந்தக் காலத்தில் தாயாரோடு மாட்டு வண்டியில் மல்லாட்டையும் புளியும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிச் சந்தைக்குப் போவார்களாம். எல்லையில் சுங்கக்காரர்கள் வண்டியை நிறுத்தி, கூடைகளை இறக்கச் சொல்லி, இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்களாம். திரும்பும்போதும் அதே சோதனை. ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்து ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும், வழக்கம்போல் போனார்கள். தடுப்புக் கட்டை தூக்கியிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. ஆனால் தாயார் வண்டியை நிறுத்தச் சொல்லி, கூடைகளை வரிசையாக இறக்கி வைத்துக்கொண்டு, சோதிக்கிறவர் வருவார் என்று வெகு நேரம் ரோட்டோரத்தில் நின்றிருந்தாளாம். "இனிமேல் யாரும் வரமாட்டாங்க, ஆயா, நீங்க போகலாம்" என்று வழியோடு போன சைக்கிள்காரர் ஒருவர் சொன்ன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

இந்த விடைக்கு எத்தனை மார்க் போடுவது? 178, 170, 8 என்ற எண்கள் இதில் ஒன்றுகூட இல்லை. தேதியும் இல்லை. மார்க்குக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அதே பெண் எழுந்து, "ஐம்பத்து நாலில் பத்திரிகையில் வராத செய்தி ஏதாவது உண்டா, ஸார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த நவம்பர் 7-ம் தேதி பரமக்குடியில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதற்காக எந்தப் பத்திரிகையும் ஒரு வரி ஒதுக்கியிராது. அந்தக் குழந்தைதான் கமல்ஹாசன். ராமேசுவரத்திலிருந்து வந்து திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஒரு மாணவர் அவ்வருஷம் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அவர் அப்துல் கலாம். கீழூரில் வோட்டுப் போட்ட அதே அக்டோபர் 18-ம் தேதி, அமெரிக்காவில் ஒரு கம்பெனி, சட்டைப் பையில் போடக்கூடிய சிறு ரேடியோ ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. விலை 49 டாலர் 95 செண்டு. அதற்குள்ளே இருந்த நாலு டிரான்ஸிஸ்டர்களின் வம்சம்தான் இன்று கோடிக்கணக்கில் பெருகி அவர்களுடைய கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அன்று கிளியனூரில் பத்திரிகை படித்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றையும் அறிந்திருக்க நியாயமில்லை.

"அப்படியானால், போன வருஷத்துச் செய்தியில் எது நிற்கும் என்று இப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்றையும் வகுப்பில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. "ஸார், உங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன செய்தார்கள்?" என்று பின் பெஞ்சுப் பையன் கேட்டான். கேள்வித்தாள் தயாரித்தவனுக்கே அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. என் தகப்பனாருக்கு அப்போது பன்னிரண்டு வயது. இதே ஊரில், இதே சாலைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தேன். சரித்திரத்தில் பட்டம் வாங்கினேன். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நாள் கணக்காகப் பாடம் நடத்தியிருக்கிறேன். 1954-ல் நம் வாசலில் என்ன நடந்தது என்று அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் காலமானார். என் தாளிலும் "கேட்க ஆள் இல்லை" என்றுதான் எழுத வேண்டும்.

வாலிபன் போன வாரம் மறுபடி வந்தான். எட்டு வருஷ இடைவெளியின் கதை முழுவதையும் சொன்னேன், பொறுமையாகக் கேட்டான். "'நடைமுறையில்' என்று இருந்தால் 54, 'சட்டப்படி' என்று இருந்தால் 62. ஒன்றும் போடாமல் கேட்டால்?" என்றான். "அப்போது நவம்பர் 1-ஐ நினைத்துக்கொண்டு 54-ஐக் கறுப்பாக்கு" என்றேன். அதற்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் வழியாகக் கீழூருக்குப் போவதாக இருக்கிறோம். வகுப்பில் பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; வாலிபனும் வருகிறான். அந்தப் பெண்ணின் கொள்ளுப்பாட்டியும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கீழூரை அவளும் இதுவரை பார்த்ததில்லையாம். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இடம் வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய நிபந்தனை.